பாடுகிறவர் நிற்கும் இடம்

வண்டிக்குள் ஏறும் முன் அவள் செருப்பைக் கழற்றிவிடுவாள். பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை. ரப்பர் செருப்பு தரை விரிப்பில் உரசும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். அது அவளுக்கு ஆகாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, அரை நிமிடம் எதையும் தொடமாட்டாள். பாட்டும் போடமாட்டாள். பிறகு கதவுப் பைக்குள் கையை விட்டு, வண்டி ஓடும்போது கடகடக்கும் சில்லறை, உதிரிச் சாவி, மூக்குக்கண்ணாடிக் கூடு, மை தீர்ந்த பேனா என்று ஒவ்வொன்றாக எடுத்து மடியிலிருக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் போடுவாள். கிண்ணத்தின் அடியில் துணி விரித்திருக்கும், போடும் சத்தமும் கேட்கக் கூடாதென்று.

"உங்க வண்டியில ஏற்கெனவே ஏழு பேர் பாடிக்கிட்டு இருக்காங்க. முதல்ல அவங்களை இறக்கி விடறேன். அப்புறம் உங்க பாட்டைப் பார்க்கலாம்" என்பாள் வண்டிக்காரரிடம்.

வண்டிகளுக்கு ஸ்பீக்கர் பொருத்துவது அவளுடைய தொழில். இருபத்திரண்டு வருடமாக அதே தகரக் கொட்டகையில். முன்பாதியில் அவளுடைய அண்ணனின் மெக்கானிக் பட்டறை. நடுவில் இவள். பின்பக்கம், ஜன்னலை ஒட்டி, இவள் கணவரின் தையல் மெஷின். அவர் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். பெயர் சொல்லி யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. அந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் அவள் ஸ்பீக்கரக்கா.

வேலை முடிந்தால் பாட்டை மறந்துவிடுகிற ஆள் இல்லை அவள். பட்டறை மேசைக்கு மேல் இரண்டு ஸ்பீக்கர். வீட்டிலும் இரண்டு, கழித்துப் போட்ட கார் ஒன்றிலிருந்து எடுத்து, பலகைப் பெட்டியில் பொருத்தி, உள்ளே சீட் கவரில் மிஞ்சிய பஞ்சை அடைத்தவை. அவற்றுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களும் நிற்கவேண்டிய இடத்தில் தரையில் பெயின்டால் நான்கு புள்ளிகள் வைத்திருந்தாள். அங்கே உட்கார்ந்தால் எதிரே இருக்கும் சுவர் விலகிவிடும். நடுவில் ஒருவர் வந்து நின்று பாடுவார். அவருக்குப் பின்னால் வலது ஓரத்தில் மத்தளம், இன்னும் தள்ளி யாரோ மூச்சை இழுத்துக் குழலில் விடுவது. வீடு பெருக்கும்போது நாற்காலியைக் கணவர் நகர்த்திவிட்டால் அன்று முழுக்க அவரோடு பேச்சு கிடையாது.

ஒரு நாள் காலை எழுந்து போனை வலது காதில் வைத்தாள். எதிர்முனையில் யாரும் பேசவில்லை. இடது காதுக்கு மாற்றினாள். வாடிக்கையாக வரும் டாக்ஸி டிரைவர் ஒருவர் பாதி வாக்கியத்தில் இருந்தார்.

காது டாக்டர் மருந்து கொடுத்தார், ஊசி போட்டார், ஒரு மாதம் கழித்துக் கையை விரித்தார். "நரம்பும்மா. போனது போனதுதான். இருக்கறதைப் பத்திரமா வெச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர் விலகவில்லை. முழுப் பாட்டும் இடது பக்கம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது, பெருக்கித் தள்ளிய மாதிரி. கணவரிடம் மட்டும் சொன்னாள். காதும் காதும் வைத்தாற்போல் மறுநாளே வேலைக்குப் போனாள்.

மூன்று வாரம் எந்தக் குறையும் வரவில்லை. பிறகு அந்த டாக்ஸி டிரைவர் வந்து நின்றார். நெட்டையான ஆள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுபவர். பாட்டு சரியாக இருந்தால் முதுகு வலிக்காது என்பது அவர் கட்சி. இரண்டு நாள் முன்புதான் அவருக்குப் புது ஸ்பீக்கர் போட்டு அனுப்பியிருந்தாள்.

"அக்கா, பாட்டு வருதுக்கா. பாடறவரைத்தான் காணோம்."

"என்ன சொல்ற நீ?"

"முன்னாடியெல்லாம் ஸ்டியரிங்குக்கு நேரா ஒரு ஆள் நின்னு பாடற மாதிரி இருக்கும். இப்ப, கிணத்துல விழுந்தவரை நாலு பக்கமிருந்தும் கூப்பிடற மாதிரி இருக்கு."

அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கதவுப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது கோடு போட்ட வயர் இருக்கவேண்டிய இடத்தில் கோடில்லாத வயர் இருந்தது. வலது கதவில் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தாள்.

ஸ்பீக்கருக்குள் ஒரு காகிதக் கூம்பு உண்டு. அது முன்னே தள்ளிப் பின்னே இழுப்பதுதான் சத்தம். இரண்டு கதவிலும் இருக்கும் கூம்புகள் ஒரே நேரத்தில் முன்னே வரவேண்டும். வயர் மாறினால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். மேசையின் ஒரு முனையை ஒருவர் தூக்க, மறுமுனையை மற்றவர் இறக்குவது போல. அடிச்சத்தம் செத்துப்போகும். பாடுகிறவர் நடுவில் நிற்கமாட்டார், காற்றில் கரைந்துவிடுவார். இரண்டு காதும் உள்ளவருக்கு அது நொடியில் தெரியும்.

வேலை பழகிய காலத்தில் மற்றவர்கள் இதைச் சரிபார்க்க ஒரு சின்ன பேட்டரியை வயரில் தொட்டுப் பார்ப்பார்கள். கூம்பு வெளியே துள்ளினால் சரி, உள்ளே போனால் தப்பு. அவள் ஒருநாளும் பேட்டரியைத் தொட்டதில்லை. "எனக்குக் காது இருக்கு, அது போதும்" என்று அவர்களைக் கிண்டல் செய்தவள்.

அவள் வயரைச் சரிசெய்து கொடுத்து, டாக்ஸி டிரைவர் போன பிறகு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். காது விஷயம் அவருக்கு எட்டிவிட்டிருந்தது. கணவர் தையல் மெஷினைப் பார்த்துக் குனிந்திருந்த விதத்திலேயே யார் சொன்னார்கள் என்று தெரிந்தது.

"இதப் பாரு. நீ போன் எடு. வர்றவங்களை உக்கார வை. சாமான் வாங்கிப் போடு. உள் வேலைக்கு நான் ஒரு ஆளைப் பார்க்கறேன்."

"ஒரு வயரை மாத்திக் குடுத்ததுக்கா?"

"வயருக்கு இல்ல. மாத்திக் குடுத்தது உனக்கே தெரியல, அதுக்கு."

"போன வாரம் நீ ஆயில் மூடியை இன்ஜின் மேல வெச்சுட்டு அப்படியே அனுப்பின. உன்னை யாராவது போன் எடுக்கச் சொன்னாங்களா?"

"அது மறதி. இது காது."

"மூணு வண்டி குடு அண்ணே. மூணுலயும் நீயே உக்காந்து கேளு. ஒண்ணுல தப்பு இருந்தாலும் நானே ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து ஸ்பேனரை அவர் கையில குடுத்துட்டுப் போறேன்."

அண்ணன் கை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ ஒத்தைக் கால்ல நின்னா என்னால என்ன பண்ண முடியும். மூணு வண்டி. அதுக்கு மேல பேச்சு இல்ல."

அன்று மாலையே பேட்டரி ஒன்றும் சிவப்பு மார்க்கர் ஒன்றும் வாங்கினாள். அடுத்த பத்து நாள், காலையில் சமையலுக்கு முன்னால் ஒரு மணி நேரம், வீட்டு நாற்காலியை வைத்துக்கொண்டு காதைப் பழக்கினாள். முதலில் செய்தது, தரையிலிருந்த நான்கு புள்ளிகளையும் சுரண்டி எடுத்தது. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு இடது காதால் கேட்டாள். பிறகு உடம்போடு முழுவதும் திரும்பி மற்றதை அதே காதால் கேட்டாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நோட்டில் எழுதினாள். மூங்கில் மாதிரி, தகரம் மாதிரி, ஈரத்துணி மாதிரி. உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்து அடிச்சத்தத்தைக் கையால் வாங்கினாள். ஒரு காதால் எல்லாம் தெரிந்தது, ஒன்றைத் தவிர: பாடுகிறவர் எங்கே நிற்கிறார்.

அதற்குத்தான் கணவர்.

"எனக்குப் பாட்டே தெரியாதே. எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கும்" என்றார் அவர்.

"பாட்டு தெரிய வேணாங்க. ஆளு எங்க நிக்கறாருன்னு கையைக் காட்டினா போதும்."

பாட்டைப் போட்டால் அவர் மத்தளத்தைக் காட்டினார், குழலைக் காட்டினார், ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே போன சைக்கிள் மணியைக் காட்டினார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அவர் வழக்கமாகச் சீட் அளவு எழுதும் நோட்டைக் கையில் கொடுத்து, அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்தாள். வெறும் குரல், வேறெதுவும் இல்லை. இரண்டு ஸ்பீக்கரிலும் சமமாக அதை ஓடவிட்டாள். "முன் சீட் அகலம் நாற்பத்தெட்டு. உயரம் அறுபத்திரண்டு. தலையணைப் பகுதி இருபத்தாறு."

கணவர் சுவரையே உற்றுப் பார்த்தார். "டிவிக்கு மேல நிக்கறேன்."

"நிச்சயமாவா?"

"என் குரல் எனக்குத் தெரியாதா? என்னையே எங்க நிக்கறேன்னு என்கிட்டயே கேக்கற. இந்த வீட்டுல எனக்கு அந்த மரியாதைதான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டிவி அறைக்குச் சரியான நடுவில் இருந்தது.

அந்தப் பதிவை எடுத்துக்கொண்டுதான் அவள் முதல் வண்டிக்குப் போனாள். அது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார். சிக்கல் இல்லாத வேலை. வயரை இணைக்கும் முன் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் பேட்டரியைத் தொட்டாள், கூம்பின் மேல் விரலை லேசாக வைத்துத் துள்ளலை உணர்ந்தாள், வெளியே வந்த பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்தாள். அண்ணன் வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். "கொஞ்சம் ஏத்து" என்றார். ஏற்றினாள். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டாவது, ரொட்டி கொண்டுபோகும் வேன். மெல்லிய தகரம், ஸ்பீக்கர் முனகினால் வேனும் கூடவே முனகும். கதவுகளுக்குள் கனமான ஒட்டுப்பட்டையை ஒட்டித் தகரத்தை அடக்கவே முதல் நாள் பகல் முழுக்கப் போனது. புள்ளிகள் எல்லாம் சரி. கணவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். டாஷ்போர்டில் அடையாளம் வைக்கத் தையல் சாக்பீஸ் கையில் இருந்தது. பதிவு ஓடியது. முன் சீட் அகலம் நாற்பத்தெட்டு.

அவர் தயங்கித் தயங்கி, தன் பக்கத்துக் கதவின் கைப்பிடிக்கு மேல் ஒரு கோடு போட்டார்.

"என்னங்க, அங்கயா?"

"நான் என்ன பண்ணட்டும். இங்கதான் நின்னு படிக்கறேன். காதுக்குள்ள வந்து படிக்கற மாதிரி இருக்கு."

அவள் கதவுப் பலகை இரண்டையும் மறுபடி கழற்றினாள். பேட்டரியை வைத்துப் பார்த்தாள். புள்ளிகள் பொய் சொல்லவில்லை. அண்ணன் பட்டறையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ரொட்டிக்கடைக்காரர் நாலு மணிக்கு வண்டி வேண்டும் என்றிருந்தார், மணி இரண்டரை. முகத்தில் வேர்வை வடிய வேனின் பின்புறம் காலித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தாள்.

வயர் இல்லை. தூரம். முன்பெல்லாம் உட்கார்ந்த மாத்திரத்தில் காது கேட்டு, கை தானாகத் திருத்திவிடும் விஷயம். காரணம் என்ன என்று அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. ஓட்டுபவர் ஒரு கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கதவின் சத்தம் முதலில் வந்து சேர்கிறது. மறுகதவிலிருந்து வருவது தாமதம். யார் முதலில் வருகிறார்களோ அவர் பக்கம்தான் மனம் போகும்.

வண்டியில் பாட்டு போடும் பிளேயரில் அதற்கு வழி உண்டு. கிட்டே இருக்கும் ஸ்பீக்கரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு காக்க வைக்கலாம். அளவு நாடாவைக் கணவரின் கழுத்திலிருந்து உருவினாள். அவர் காதிலிருந்து அந்தக் கதவுக்கு ஒரு அளவு, இந்தக் கதவுக்கு ஒரு அளவு. வித்தியாசத்தைப் பிளேயரில் ஏற்றினாள்.

"இப்ப?"

சாக்பீஸ் கைப்பிடியிலிருந்து நகர்ந்து, ஓரத்துக் கண்ணாடியைத் தாண்டி, மெல்ல மெல்ல வந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். ஸ்டியரிங்குக்கு நேரே நின்றது. அவர் அங்கே குறுக்குக் கோடு போட்டு, தையல்காரர் பழக்கத்தில் ஒரு வட்டமும் போட்டார்.

"இங்க. இதுக்கு மேல நகர மாட்டேன். என்னைக் கொஞ்சம் நிம்மதியா நிக்க விடு."

அண்ணன் வந்து கேட்டார். அன்றும் "கொஞ்சம் ஏத்து" என்றார். ரொட்டிக்கடைக்காரர் நாலு மணிக்கு வந்தார். சாக்பீஸ் கோட்டைத் துடைக்கப் போனவளைத் தடுத்தார். "இருக்கட்டும்மா. எங்க பார்த்து ஓட்டணும்னு தெரியுதில்ல."

மூன்றாவது, மாட்டு டாக்டரம்மாவின் பழைய ஜீப். அவள் நேரடியாக அளவு நாடாவிலிருந்து தொடங்கினாள். கணவர் ஒரே கோட்டில் நடுவைத் தொட்டார். டாக்டரம்மா வண்டியிலேயே இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, "இத்தனை நாள் இந்தப் பாட்டுல ஒரு பொண்ணு கூடவே மெதுவாப் பாடறாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். அண்ணன் வழக்கம் போல உட்கார்ந்து, கண்ணை மூடி, ஏற்றச் சொல்லி, முடியும்வரை கேட்டார். இறங்கிக் கதவைச் சாத்தியபோது முகத்தில் எதுவும் இல்லை.

"சரி. நீயே செய். ஆள் வேணாம்."

"தப்பு ஏதாவது இருந்துச்சா?"

"இருந்தா சொல்லியிருப்பேன்ல. ஒரே ஒரு விஷயம். நான் தகரம் தேய்க்கற கிரைண்டர் போடும்போது நீ கொட்டகைக்குள்ள இருக்கக் கூடாது."

அந்த வாரமே கிரைண்டரைப் பெயர்த்துக் கொட்டகைக்கு வெளியே, பின்சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். தகரத்தூள் தையல் துணியில் விழுகிறது, மச்சான் முணுமுணுக்கிறார் என்றார். மச்சான் எப்போது முணுமுணுத்தார் என்று அவளுக்கு நினைவில்லை. வேலை இருந்தது, அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். டாக்ஸி டிரைவரை வரச்சொல்லி, பணம் வாங்காமல், நாடாவும் சாக்பீஸுமாக அவர் வண்டியை முதலிலிருந்து செய்து கொடுத்தாள். அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஜன்னலை இறக்கினார். "ஆள் திரும்பி வந்துட்டாருக்கா. இளைச்ச மாதிரிகூடத் தெரியல."

அடுத்த வருடம் இடது காதைச் சோதித்துக்கொள்ளப் போனபோது, காது ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்துக் கொடுக்கும் பெண் பட்டறை விலாசத்தைப் பார்த்து இரண்டு கோப்புகளை மேசைமேல் வைத்தாள். ஒன்று அவளுடையது. மற்றது அவளுடைய அண்ணனுடையது. அதிலிருந்த காதுச் சோதனை வரைபடத்தில் இரண்டு காதுக்கான கோடுகளும் பாதியிலேயே சரிந்து கீழே விழுந்திருந்தன. மெல்லிய சத்தங்கள் இரண்டு காதிலும் கேட்பதில்லை, கிரைண்டர் இரைச்சலால் வந்தது, கூட வேலை செய்பவர்களையும் அதனிடமிருந்து விலக்கி வைக்கவும் என்று டாக்டர் கைப்பட எழுதியிருந்தார். தேதி, அவளுடைய வலது காது போவதற்கு இரண்டு வருடம் முந்தியது.