வெயிட்டுக்கு நான்

இன்னைக்கு காலையில நான் உயிரோட வீடு வந்து சேர்ந்ததை இங்க பதிவு பண்ணி வெக்கிறேன்.

நந்தனத்துல நாங்க கிரிக்கெட் ஆடுற கிரவுண்டை சமப்படுத்த ஒரு மினி டிராக்டர் வந்தது. பின்னாடி மண்ணை வழிக்கிற இரும்பு பிளேடு.

டிரைவர் பாய் சொன்னார்: "இந்த லிவர் பிளேடைத் தூக்கும், எறக்கும். கீழ அமுக்காது சார். வெயிட்டுக்கு நீங்க பிளேடு மேல ஏறி நில்லுங்க."

டீம்லயே குண்டு நான்தான். ஏறிட்டேன்.

முன்சக்கரம் மேட்டுல ஏறினா பிளேடு மண்ணுக்குள்ள குத்துது. பாய் லிவரை ஒரு நூல் கூட இழுத்தா, நான் முழங்கால் உயரத்துக்குப் பறக்கறேன். பாயோட சீட்டை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சேன்.

அதைவிட பயம், பாய் முழுக்கத் திரும்பி பிளேடையே பார்த்துக்கினு ஓட்டினது. எதிர்ல காம்பவுண்டு சுவர்.

"பாய், முன்னாடி பாருங்க!"

"முன்னாடி பார்த்தா பிளேடை யாரு பார்க்கிறது? சுவர் வந்தா நீங்க சொல்லுங்க."

சொல்லலை, கத்தினேன். சுவருக்கு ஒரு முழம் முன்னாடி வண்டி நின்னுச்சு.

உடனே இறங்கினேன். பாய் சிரிச்சார். "நல்ல வெயிட்டு சார். பாதி கிரவுண்டு பாக்கி கீது, நாளைக்கும் வாங்க."

என்னைவிட குண்டா யாராவது இருந்தா, தயவுசெஞ்சு கமெண்ட்ல கை தூக்குங்க.