ஊஞ்சல் பலகைக்குக் கடைசிக் கோட்

சந்திரிகா அக்காவிடம் ஒரே ஒரு பிரஷ்தான் இருந்தது. மூன்று விரல் அகலம், கறுப்பு முடி, மரப்பிடியின் நுனியில் ஒரு துளை. எங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க அப்பா ஒருமுறை அதைக் கேட்டார். "வேற இன்னா வேணும்னாலும் கேளுண்ணா, அத மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டார் அக்கா.

அது கஞ்சத்தனம் இல்லை. மந்தைவெளியில் எங்கள் சந்திலிருந்து அக்கா பல வருடங்களாக மெஹபூப் பாஷா பாயிடம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பாய் மர வேலைகளுக்கு வார்னிஷ், பாலிஷ் அடித்துக் கொடுப்பவர். அவருடைய ஆட்களில் பெண்களுக்கு உப்புத்தாள், ஆண்களுக்குப் பிரஷ். கதவையும் அலமாரியையும் வழவழவென்று தேய்த்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். "நீ தேய்ச்சா கண்ணாடி மாதிரி கீதும்மா. அப்புறம் எதுக்கு உனக்குப் பிரஷ்ஷு?" என்று பாய் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் கெட்டவர் இல்லை. அதனாலேயே அக்காவால் சண்டை போடவும் முடியவில்லை. தானே ஒரு பிரஷ் வாங்கி, ஒடிந்துபோன பெஞ்சுப் பலகைகளில் வீட்டு வாசலில் அடித்து அடித்துப் பழகிக்கொண்டார்.

வார்னிஷ் பிரஷ் வைத்திருப்பவருக்கு அடிக்கிற வேலை பாதி, அதைப் பாதுகாக்கிற வேலை மீதி. ஒரு கோட் அடித்து அது காய்வதற்குள் பிரஷ்ஷில் இருக்கும் வார்னிஷும் காய ஆரம்பிக்கும். காய்ந்தால் முடி குச்சியாகிவிடும். அதனால் அக்கா அதை டர்பன்டைனில் அலசி, துணியில் ஒற்றி, பிடியின் துளையில் ஒரு கம்பியை நுழைத்து, பெரிய ஊறுகாய் ஜாடிக்குள் தொங்கவிடுவார். ஜாடியில் டர்பன்டைன் முடியை மூடும் அளவுக்கு இருக்கும். முடியின் நுனி அடியைத் தொடாது. தொட்டால் வளைந்துவிடும், வளைந்த முடி மரத்தில் கோடு போடும். ஜாடியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டிவிட்டால் அடுத்த கோட் வரைக்கும் கவலை இல்லை.

இனி சொல்லப்போவது நடந்தபோது நான் அங்கே இல்லை. அக்கா சொன்னதையும் நீரஜா மாமி சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நீரஜா மாமி மயிலாப்பூரில் தம்பி சந்திரமௌலியின் வீட்டில் இருப்பவர். பாயின் ஆட்கள் அந்த வீட்டு அலமாரிகளுக்குப் பாலிஷ் போட்டபோது அக்காவும் போயிருந்தார். அக்காவின் கை வேலையை மாமி கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சந்திரமௌலியின் மகள் ஷ்ரேயாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாமி அக்காவுக்கு ஃபோன் செய்தார்.

"எங்காத்து ஊஞ்சல் பலகை இருக்குடி. என் கல்யாணத்துக்கு நான் உட்கார்ந்தது. மேலெல்லாம் வெளுத்துப் போயிடுத்து. நீயே புதுசு பண்ணித் தரயா?"

"நானா மாமி? பாய் கிட்ட சொல்லலையா?"

"பாய்க்கு ஃபோன் பண்ணத் தெரியாமலா உனக்குப் பண்றேன்?"

பாயிடம் அக்கா மறைக்கவில்லை. "போய்ட்டு வாம்மா. நல்லா வந்துச்சுன்னா எங்கிட்டயும் பிரஷ்ஷு புடி. வரலன்னா திரும்பி வந்து உப்புத்தாளைப் புடி, அப்புறம் பிரஷ்ஷுப் பேச்சே எடுக்கக் கூடாது. இன்னா?" என்றார் பாய். அக்கா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

சந்திரமௌலிக்கு இதில் விருப்பம் இல்லை. "தெரிஞ்சவாகிட்ட குடுக்காம ஏன்க்கா பரிட்சை பண்ணிப் பார்க்கறே? பட்டுப்புடவையோட குழந்தை உட்காரப்போறா. ஒட்டிண்டுடுத்துன்னா?" என்று சந்திரிகா அக்காவின் முன்னாலேயே மாமியிடம் கேட்டார். "நான் பொறுப்பு" என்றார் மாமி.

காலியாக இருந்த ஓர் அறையில் இரண்டு ஸ்டூல்களின் மேல் பலகையை வைத்து வேலை தொடங்கியது. ஐப்பசி மாதம், நினைத்தபோதெல்லாம் மழை. ஈரக் காற்றில் வார்னிஷ் மெதுவாகத்தான் காயும். இருந்தும் முதல் இரண்டு கோட்டும் நன்றாக வந்தன. தேக்கின் வரிகள் தேன் நிறத்தில் மேலே எழும்பி வந்ததைப் பார்த்து ஷ்ரேயா ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். அக்கா பிரஷ்ஷை ஜாடிக்குள் தொங்கவிட்டு, பின்பக்கப் பால்கனியின் மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் கடைசிக் கோட். அதற்கு மறுநாள் சாயங்காலம் பலகை கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும். அடுத்த நாள் காலை முகூர்த்தம்.

காலையில் போனபோது ஜாடி வைத்த இடத்திலேயே இருந்தது. பிரஷ் தொங்கவிட்டபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஜாடியை அறைக்குக் கொண்டுவந்து, பிரஷ்ஷை எடுத்து உதறி, துணியில் ஒற்றி, புது வார்னிஷில் தோய்த்துப் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தார். பளபளப்பாக விழுந்தது. அடுத்த இழுப்பு, அதற்கு அடுத்தது. பலகை முழுவதும் முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, முதலில் அடித்த இடத்தில் வார்னிஷ் விலகிக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன வட்டங்கள். அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. அக்கா பிரஷ்ஷால் ஒரு குழியை மூடினார். அது மறுபடி திறந்துகொண்டது.

யோசிக்க நேரம் இல்லை. ஈரமாக இருக்கும்போதே துடைத்தால்தான் கீழே இருக்கும் இரண்டு கோட்டும் பிழைக்கும். துணியை டர்பன்டைனில் நனைத்து, தான் அடித்ததைத் தானே வழித்தெடுக்க ஆரம்பித்தார். ஒரு துணியால் இரண்டு முறை துடைக்கவில்லை. துடைக்கத் துடைக்கப் புதுத் துணி.

துடைத்துக்கொண்டே ஜாடியைப் பார்த்தார். அடியில் பழுப்பாக ஏதோ மண்டியிருந்தது. வார்னிஷ் கசடு அப்படி இருக்காது. அதற்குப் பக்கத்தில் டர்பன்டைனோடு சேராமல் உருண்டையாக நின்றது தண்ணீர். அக்கா பிரஷ்ஷின் முடியை விரல்களுக்கு நடுவில் பிழிந்தார். டர்பன்டைன் காற்றில் போகும்வரை பொறுத்து, விரலை மோந்து பார்த்தார்.

தேங்காய் எண்ணெய். கூடவே சீயக்காய்.

மாமி அறை வாசலில் வந்து நின்றார். பலகையைப் பார்த்தார், பிரஷ்ஷைப் பார்த்தார். அக்கா நிமிர்ந்ததும் மாமியின் முகம் மாறிவிட்டது. யார் கை பட்டது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் பின்னாலேயே சந்திரமௌலி வந்துவிட்டார்.

"என்னம்மா இது? அடிக்கச் சொன்னா அழிச்சிண்டிருக்கே?"

"கொஞ்சம் குழி உழுந்துச்சு சார். எடுத்துட்டு மறுபடி..."

"மறுபடியா? நாளைக்குப் பலகை போகணும்! அக்கா, நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

சந்திரமௌலி ஃபோனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பாயை அழைத்தார்.

விவரம் கேட்டதும் பாய், "சந்திரிகா அங்க கீதா?" என்றார்.

"இருக்கேன் பாய்."

"பிரஷ்ஷை எதுலம்மா போட்டு வச்சிருந்த?"

"டர்பன்டைன்லதான் பாய். எப்பவும் மாதிரி தொங்க உட்டிருந்தேன்."

"அப்புறம் எப்டிம்மா குழி உழும்? எண்ணெப் பசை இல்லாம குழி உழாது. எங்கேர்ந்து வந்துச்சு எண்ணெ?"

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பதில் அக்காவின் விரலிலேயே இருந்தது. சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் "நான் பொறுப்பு" என்று சொன்ன மனுஷியைக் கல்யாண வீட்டில், தம்பியின் முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பது? சொல்லாவிட்டால் இனி ஆயுளுக்கும் உப்புத்தாள்தான்.

"தெரியல பாய்" என்றார் அக்கா.

"தெரியலையா? சரி, உடு. சார், நீங்க பலகைய ஆட்டோல ஏத்தி அனுப்புங்க. ஆனது ஆச்சு, நான் ஏதாவது பண்றேன். அந்தப் பொண்ணு இனிமே பிரஷ்ஷைத் தொட வேணாம்."

சந்திரமௌலி சந்திரிகா அக்காவிடம், "கேட்டியோன்னோ?" என்றார். அக்கா பிரஷ்ஷைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். அழக் கூடாது என்பதற்காக ரொம்ப மெதுவாகச் சுற்றினாராம்.

"மௌலி, ஃபோனை வெச்சுடாதே" என்றார் மாமி. "பிரஷ்ஷைத் தொட்டவ நான்."

"நீயா?"

"மடிப் புடவை உலர்த்தற இடத்துல அந்த ஜாடி கெரசின் மாதிரி நாறிண்டு இருந்தது. நகர்த்தி வைக்கலாம்னுதான் எடுத்தேன். பார்த்தா பாவம், முடியெல்லாம் பிசுக்குப் பிடிச்சு, சடை விழுந்து கிடந்தது. ஒரு நல்ல காரியம் பண்ணுவோமேன்னு சீயக்காய் போட்டு அலசி, ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, இருந்தபடியே தொங்கவிட்டேன். பூ மாதிரி ஆயிடுத்து, அவ பார்த்தா சந்தோஷப்படுவான்னு நெனச்சேன்."

ஃபோனில் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "தலைக்கு ஊத்தி உட்டீங்களா மாமி? சாம்பிராணிப் புகை போட்டீங்களா?"

"நீர் சும்மா இரும்" என்றார் மாமி. "அந்தப் பொண்ணு தெரிஞ்சிண்டே எனக்காக வாயை மூடிண்டு நின்னாளே, அதைப் பாரும்."

சிரிப்பு நின்றது. "அது சரி மாமி. ஆனா இனிமே அங்க பிரஷ்ஷால அடிச்சா இந்த மழையில நாளைக்குக் காயாது. எம்மா சந்திரிகா, நான் அடிச்சாலும் சந்தேகந்தான்."

பழி போய்விட்டது, பலகை அப்படியேதான் இருந்தது. சந்திரமௌலி ஜன்னல் வழியாக மழையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"துணியால பூசுறேன் பாய்" என்றார் அக்கா. "வார்னிஷ்ல டர்பன்டைன் கலந்து தண்ணியா ஆக்கி, துணியில தொட்டு மெல்லிசா தேய்ச்சு உடுறேன். மெல்லிசா இருந்தா சீக்கிரம் காஞ்சிடும். இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு விடிஞ்சதும் ஒண்ணு."

"மினுக்கு வராதேம்மா."

"மினுக்கு வேணாம் பாய். பொண்ணு எந்திரிக்கும்போது புடவை கூடவே எந்திரிக்கணும், அவ்ளோதான்."

"காயலன்னா?"

"காயலன்னா நானே வந்து உப்புத்தாளை வாங்கிக்கிறேன்."

சந்திரமௌலி ஃபோனை அணைத்தார். ஆட்டோ கூப்பிடவில்லை.

நூல் உதிராத பழைய பருத்தித் துணி வேண்டும் என்று அக்கா கேட்டதும் மாமி உள்ளே போய், காலமான தன் கணவரின் வேஷ்டி ஒன்றைக் கொண்டுவந்தார். துவைத்துத் துவைத்துப் பஞ்சு போல ஆகியிருந்தது.

"கஞ்சி போட்டதா மாமி?"

"இல்லைடி."

"எண்ணெ பட்டதா?"

"குத்திக் காட்டறியா?" என்று மாமி முறைத்தார். பிறகு தானே அதைக் கிழித்துக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் முழுவதும் அக்கா பலகையைத் துடைத்துக் காயவிட்டார். ஒரு மூலையில் மட்டும் முதலில் தேய்த்துப் பார்த்துக் காத்திருந்தார். குழி விழவில்லை. அதன் பிறகுதான் பலகை முழுவதும் பூசினார். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. மழையும் விட்டபாடில்லை. மறுநாள் விடிந்ததும் இரண்டாவது பூச்சு. சாயங்காலம் பலகையைப் பழைய போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றியபோது ஓரங்களில் இன்னும் லேசாகக் குளிர்ச்சி இருந்தது. காய்ந்த மரம் அப்படிக் குளிராது. அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று இரவு சரியாகச் சாப்பிடவும் இல்லை.

முகூர்த்தத்தன்று மண்டபத்தில், நகையும் பட்டுமாக நின்ற பெண்களுக்குப் பின்னால் ஒரு தூணை ஒட்டி அக்கா நின்றுகொண்டார். மாப்பிள்ளையும் ஷ்ரேயாவும் பலகையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஊஞ்சல் பாட்டுப் பாடினார்கள். பாலும் பழமும் கொடுத்தார்கள், திருஷ்டி கழிய வண்ணச் சோற்று உருண்டைகளைச் சுற்றிப் போட்டார்கள். பலகையில் பால் சொட்டியது. எல்லோரும் மணமக்களின் முகத்தைப் பார்த்தார்கள். அக்கா பார்த்தது அரக்கு நிறப் பட்டுப்புடவை பலகையோடு சேரும் இடத்தை மட்டும். பாட்டு முடியவே முடியாது போல இருந்தது. நேரம் ஆக ஆக உட்கார்ந்த சூட்டில் வார்னிஷ் இளகுமே என்று அவருக்குப் பயம்.

ஒருவழியாக மாப்பிள்ளை எழுந்தார். ஷ்ரேயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். புடவையும் எழுந்தது.

கூட்டம் மணமேடைப் பக்கம் நகர்ந்ததும் அக்கா ஓடிப்போய்ப் பாலைத் துடைத்தார். பலகையை உள்ளங்கையால் நீளமாகத் தடவிப் பார்த்தார். மினுக்கு இல்லைதான். ஆனால் எங்கேயும் பிசுபிசுக்கவில்லை, ஒரு நூல்கூட ஒட்டியிருக்கவில்லை. ஓரத்தில் மட்டும் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார். யாரோ கட்டை விரலால் அழுத்திப் பார்த்த ரேகை, வார்னிஷில் அப்படியே பதிந்து காய்ந்திருந்தது.

நிமிர்ந்தால் எதிரே நீரஜா மாமி.

"மாமி, இத யாரு தொட்டது?"

"காஞ்சுதான்னு பார்த்தேன்டி" என்றார் மாமி. "ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை."

பக்கத்தில் வந்து நின்ற சந்திரமௌலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கல்யாணம் முடிஞ்சதும் வாசக் கதவு ஒண்ணு பாக்கி இருக்கும்மா. பிரஷ்ஷாலயே பண்ணு" என்றார்.

"ஜாடி பக்கமே நான் வரமாட்டேன்" என்றார் மாமி.

"நீங்க வந்தா இன்னா மாமி, அதுக்கு நான் பூட்டு போட்டுக்கிறேன்" என்றார் அக்கா.

பாயிடம் இப்போது அக்கா பிரஷ் பிடிக்கிறார். புதுசாக ஒன்று வாங்கியிருக்கிறார். பழையதை எத்தனை முறை அலசியும் அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. தேய்த்த தூசியைத் தட்டுவதற்கு அதை உப்புத்தாள் டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறார். அதையும் யாருக்கும் கொடுப்பதில்லை.