நிரஞ்சன் பேசிய பேரம்

கண்டி மஹய்யாவயில் நிரஞ்சனின் த்ரீவீல் ஆட்டோவில் ஒருமுறை ஏறியவர்களுக்குக்கூட அந்தக் கதை மனப்பாடம். சீதனமென்று ஒரு சதம் வாங்காமல் சீதாவைக் கட்டியது, பிறகு மச்சான் இராமகிருஷ்ணனிடமே பேரம் பேசி வீட்டுக் காணியைப் பாதி விலைக்கும் குறைவாக மடக்கியது. "யாவாரத்துல சொந்தம் பார்க்கப்படாதுங்க," என்பான். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகிறவர்களையும் விடமாட்டான். வீட்டில் இந்தக் கதை தொடங்கினால் மட்டும் சீதா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போகாமல் என்ன செய்வாள்? அந்தப் பேரமே அண்ணனும் தங்கையும் சேர்ந்து போட்ட நாடகம். காணி அவளுக்குச் சீதனமாக அப்பா சொல்லிவைத்தது. சும்மா கொடுத்தால் நிரஞ்சன் தொடமாட்டான், அவ்வளவு ரோசக்காரன். "அவரு கையில இருக்கிற காசத்தான் வெலையா சொல்லுவாரு. நீங்க கொஞ்சம் முரண்டு புடிச்சிட்டு விட்டுருங்கண்ணே," என்றாள் சீதா. இராமகிருஷ்ணனும் முரண்டு பிடித்து, கோபித்துக்கொண்டு வாசல்வரை போய், நிரஞ்சன் கூப்பிடத் திரும்பி வந்து சம்மதித்தார். பாவம் மனுசன், நடிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இப்போது வீதியை அகலமாக்க அந்தக் காணியை அரசாங்கம் எடுக்கிறது. கிடைக்கும் நட்டஈட்டில் கண்டிப் பக்கம் ஓர் அறைகூடக் கட்ட முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, மடுல்கெல்லயில் நிரஞ்சனின் அம்மா இருக்கும் தோட்டத்து லய அறைக்குத்தான் போகவேண்டும். அதனால் நட்டஈட்டைக் கூட்டித் தரும்படி புருசனும் பெண்சாதியும் சேர்ந்து மீளாய்வுச் சபையில் மேன்முறையீடு செய்தார்கள்.

விசாரணைக்கு முன்பே இரண்டு தரப்பும் தங்கள் சாட்சியங்களை ஒருவருக்கொருவர் கொடுத்துவிட வேண்டும். அரசாங்கத் தரப்பின் ஆவணக் கட்டைப் புரட்டிய சீதாவின் சட்டத்தரணி நதா, "அக்கா, காணி மலிவு எண்டு காட்ட அவங்க வெச்சிருக்கிறது நீங்க கொறஞ்ச வெலைக்கு எழுதின காணி உறுதியத்தான்," என்றாள். ஊரெல்லாம் பீற்றிய அந்தப் பேரம் கடைசியில் வீட்டுக்கே வேட்டு வைத்துவிட்டது.

சீதா மென்று விழுங்கி உண்மையைச் சொன்னாள்.

"அப்ப அது ஒங்கட வாக்குமூலத்திலயும் அண்ணாட வாக்குமூலத்திலயும் வரணும். முன்னுக்கே குடுக்காம அங்க போய்த் திடீரெண்டு சொல்ல ஏலாது. ஒங்கட மாப்பிள்ளை நிரஞ்சனும் மனுக்காரர்தானே, அவரும் வாசிச்சுத்தான் ஆகணும்."

வீட்டுக்குச் சரியான விலை கேட்டால் வீட்டுக்காரனின் மானம் போகும். சீதாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு, அவன் சாப்பிட்டுக் கை கழுவும்வரை பொறுத்திருந்து வாக்குமூலத்தை அவளே நீட்டினாள்.

நிரஞ்சன் வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"அப்ப அவரு கோவிச்சிக்கிட்டுப் போனது?"

"நான்தாங்க சொன்னேன்."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு ஏறியவர்களுக்குக் கதை கிடைக்கவில்லை. காய்ச்சலா என்று சிலர் கேட்டார்கள்.

விசாரணைக்கு த்ரீவீல் ஸ்டான்ட் கூட்டாளிகளும் துணைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நிரஞ்சனைத்தான் பிடித்தார். "அண்ணனும் தங்கையும் இப்போது சோடித்த கதை இது. நீங்கள் பேரம் பேசித்தானே வாங்கினீர்கள்?"

சீதா தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் மானம் பிழைத்துக்கொள்ளும்.

நிரஞ்சன் பின்வரிசையை ஒருமுறை பார்த்தான். "பேசுனேன் ஐயா. பேசி ஜெயிச்சிட்டேன்னு இத்தன வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன். அது என் சம்சாரத்துக்கு அவங்க அண்ணன் குடுத்த சீதனம்." அந்தச் சொல்லை எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான்.

அந்த உறுதியின் விலையைக் கணக்கில் எடுக்க முடியாது, அக்கம்பக்கத்து விலைகளைப் பார்த்துப் புதிதாக மதிப்பிட வேண்டும் என்றது சபை. சீதா அங்கேயே அழுதுவிட்டாள்.

வெளியே வந்ததும் நிரஞ்சன் இராமகிருஷ்ணனைப் பார்த்து, "ஏறுங்க மச்சான்," என்றான். மஹய்யாவ ஏற்றத்தில் வண்டியை மெதுவாக்கிக்கொண்டு கேட்டான்.

"அன்னைக்கு வாசல்ல வச்சு நான் கூப்பிடாம விட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"குடைய மறந்துட்டேன்னு திரும்பி வந்திருப்பேன் மாப்ள," என்றார் இராமகிருஷ்ணன். "அதுக்குத்தானே உள்ளுக்கு வச்சிட்டு வந்தேன்."