பல்கனியில் தொங்கிய ஜாக்கெட்

அனோஜாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருட வேலை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எள்ளைவிடச் சின்னச் சக்கரங்களை இடுக்கியால் எடுத்து அதனதன் இடத்தில் இருத்துவாள். விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை பார்வை ஒரு சாணுக்கு மேலே போகாது. வெளியே வந்தால் நகரத்துக்கு மேலே மலைக்காடு தெரியும். பஸ் வரும்வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் ஒருநாளும் போனதில்லை.

போகிறவன் அவள் புருசன் ஜெனிஸ்ரன். ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன், பஸ் கராஜில் மெக்கானிக். கூட வேலை செய்பவர்களோடு வேட்டை வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, மூன்று வருடமாகப் பேர்மிட் எடுக்கிறான்.

"மன்னார் ஆக்கள் மீனை விட்டிட்டு மானுக்கு வெளிக்கிட்டாச்சோ?" என்று சேர்ச் வாசலில் யோகராஜா அண்ணை கேட்பார்.

"மீன் கடையிலை வாங்கலாம் அண்ணை."

இறைச்சி பங்கிடும் நாளில் முதல் ஆளாகப் பெட்டியோடு வந்து நிற்பவரும் அந்த அண்ணைதான்.

இந்த இலையுதிர்காலம் ஆறு வயது மகள் லேயாவையும் காட்டுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினான். முதல் வருடம் பிள்ளையோடு போகும்போது துவக்கும் இல்லை, சுடுவதும் இல்லை. காட்டோரத்தில் அசையாமல் குந்தியிருந்து பார்க்கப் பழகினால் போதும். அனோஜாவுக்கும் போக ஆசைதான். கிறிஸ்மஸ் வரைக்கும் சனிக்கிழமையும் அவளுக்கு வேலை. அதனால் பிள்ளையின் குளிர் ஜாக்கெட்டையாவது சரிபார்த்து அனுப்ப நினைத்தாள்.

அங்கேதான் பிழை நேர்ந்தது. தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், உடுப்பு மாற்றும் அறையில் அவள் ஜாக்கெட்டைக் கொழுவியதும், ஒருத்தி எழும்பிப்போய் ஜன்னலைத் திறந்தாள். கறி மணம். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டு ஜாக்கெட்டெல்லாம் படுக்கையறை அலுமாரிக்குள். தாளிக்கும்போது அந்த அறைக் கதவு சாத்தியிருக்கும். பனி கொட்டினாலும் குசினி ஜன்னல் திறந்திருக்கும். காட்டில் மற்ற வேட்டைக்காரரும் நிற்பார்களே என்று, லேயாவின் ஜாக்கெட்டை வாசனைத் திரவம் விட்டு இரண்டு தரம் தோய்த்தாள். போதாதென்று கொலருக்கு சென்ற் வேறு அடித்தாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் வேலையால் வந்தபோது லேயா சப்பாத்தும் கழற்றாமல் நடையில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"மான் வந்தது அம்மா. என்னை மோந்திட்டு ஓடிட்டுது!"

ஜெனிஸ்ரன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். "காத்து எங்கடை முதுகுப் பக்கத்தாலை அடிச்சது. மான் மூக்கைத் தூக்கினது, நாய் மாதிரி ரெண்டு தரம் குரைச்சது, பிறகு ஆளில்லை. பூக்கடையை எல்லோ பிள்ளைக்குப் போட்டு விட்டிருக்கிறீர்."

"அப்ப கறி மணத்தோடையோ விடச் சொல்லுறியள்?"

"அதுக்கும் ஓடும். ஒரு மணமும் வேண்டாம். வெளியிலை கொழுவி விடும்."

வேட்டைக்காலம் முடிய ஒரேயொரு சனிக்கிழமைதான் மிச்சம். பிறகு குளிர்காலம், மிருகங்களைக் குழப்பக்கூடாது. "இல்லாட்டி அடுத்த வருசமோ?" என்று லேயா கேட்ட கேள்வி அனோஜாவைத் தைத்தது. ஜாக்கெட்டை வெறும் தண்ணீரில் அலசி, கட்டிடமே பார்க்கப் பல்கனியில் கொழுவினாள். பதினெட்டு வருடம் ஒளித்து வைத்த கைக்கு அது லேசாக இருக்கவில்லை.

மறுநாள் கீழ்வீட்டுக்காரி மணியடித்தாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் காயப்போடக்கூடாதாம். வேறு நாளென்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்திருப்பாள். "காயப்போடேல்லை, மானுக்காக," என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். கீழ்வீட்டுக்காரி கொஞ்சம் யோசித்தாள். தன் அண்ணனின் வேட்டைக் காற்சட்டை வருடம் முழுக்கக் கராஜில்தான் தொங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கிழமை வீட்டில் பொரியல் இல்லை, தாளிதம் இல்லை. பாணும் சூப்பும். லேயாவின் தலைக்கு எண்ணெயும் இல்லை.

சனிக்கிழமை ஏழரைக்கு, இப்போது காட்டோரத்தில் குந்தியிருப்பார்கள் என்று நினைத்தபோது அனோஜாவின் இடுக்கியிலிருந்து சக்கரம் ஒன்று விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மலையைப் பனிப்புகார் மூடியிருந்தது.

வேலை முடிய, பஸ் தரிப்பில் லேயா தகப்பனோடு காத்து நின்றாள். கத்தவில்லை. காட்டுக் குரலில், காதோடு சொன்னாள்.

"ரெண்டு, அம்மா. ஒண்டு சின்னன்."

"உன்னைப் பார்த்ததோ?"

"ஓம். பார்த்திட்டு, பிறகும் புல்லுத் திண்டது."

பஸ்ஸில் ஏறியதும் லேயா கேட்டாள். "அடுத்த வருசம் அப்பா அதைச் சுடுவாரோ?"

"போன வருசக் கறியிலை எலும்பு வேணுமெண்டு அடம்பிடிச்சது ஆர்?"

லேயா யோசித்தாள். "சின்னனை வேண்டாம்."

"அப்பாட்டைச் சொல்லு."

காது எப்படி, கால் எப்படி, மூச்சுப் புகை தெரிந்ததா என்று அனோஜா வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். லேயாவுக்கு அலுத்துவிட்டது. "நீங்களும் வாங்கோவன். எண்ணெய் மட்டும் வைக்கக்கூடாது."

வீட்டில் பிள்ளையின் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொலரை மோந்து பார்த்தாள். ஈர இலையும் குளிரும் மணத்தன. வீட்டு மணம் துளியும் இல்லை. இதற்காகத்தானே இத்தனை வருடம் பாடுபட்டாள்? ஆனாலும் இன்னொரு தரம் மோந்து பார்த்தாள்.

பிறகு அலுமாரியைத் திறந்து தன்னுடைய ஜாக்கெட்டை எடுத்துப்போய்ப் பல்கனியில் கொழுவினாள்.

"இனிக் காட்டுக்கு அடுத்த வருசம் எல்லோ," என்றான் ஜெனிஸ்ரன்.

"தொங்கட்டும்," என்றாள் அனோஜா.