பொறுங்கம்மாவும் பட்டினி கிடந்த மின்முனையும்

மண் பரிசோதனைக் கூடத்து உதவியாளருக்கு 'பொறுங்கம்மா' என்று பெயர் விழுந்து இருபது வருடமாகிறது. மண்ணைத் தண்ணீரில் கலக்கி அரைமணி நேரம் தெளியவிடாமல், வந்து நிற்பவர் மந்திரியே ஆனாலும், அமிலம் அளக்கும் மின்முனையை அதில் முக்கமாட்டார். பிரசவ வலியிலும் டாக்டரைப் பார்த்து "பொறுங்க" என்றதாகக் கணவர் இன்றுவரை சொல்லித் திரிகிறார்.

அந்தத் திங்கட்கிழமை தங்கையே மண்பையோடு வந்துவிட்டாள். வாசலில் தங்கை வீட்டுக்காரர், இன்ஜின் உறுமும் சுண்ணாம்பு லாரிக்குக் காவல். அவர்களுடைய ஒரே தோட்டத்தில் மண் புளித்துப்போய்விட்டது என்று பக்கத்துத் தோட்டக்காரர் ஓதிவிட்டாராம். தக்காளி நாற்று தயார். மண்ணில் அமிலம் மிஞ்சியிருந்தால் சுண்ணாம்பு மருந்து. இல்லையென்றால் அதுவே தோட்டத்துக்கு வினை.

மின்முனையோ 5.6 என்றது, 5.5 என்றது, யோசித்து 5.3 என்றது. ஏழுக்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுதல் என்று அர்த்தம்.

புதிதாக வந்த அதிகாரி, சுத்தத்துக்கென்றே அவதரித்தவர், எட்டிப் பார்த்தார். "5.3ன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா. லாரிப் புகை என் மேஜை வரைக்கும் வருது."

"பொறுங்க சார்."

மின்முனையைக் கழுவி, ஏழு என்று சீட்டு ஒட்டிய கரைசலில் விட்டார். 6.1. ஏழென்று தெரிந்ததையே ஆறு என்று சாதிக்கும் சாட்சியை எந்தக் கோர்ட் நம்பும்?

"வெள்ளிக்கிழமை இதை எதுல வெச்சீங்க சார்?"

"அழுக்கா ஏதோ உப்புத் தண்ணி இருந்துச்சு. கொட்டிட்டு, காய்ச்சி வடிச்ச தண்ணில வெச்சேன்," என்றார் அதிகாரி, பாராட்டை எதிர்பார்த்து.

"அதுக்கு உப்புதான் சார் சோறு. ரெண்டு நாளா பட்டினி போட்டிருக்கீங்க."

அதிகாரியின் முகம் 5.3க்கும் கீழே இறங்கியது. மின்முனை பொட்டாசியம் குளோரைடு உப்புக் கரைசலில் ஊறப் போனது. லாரி இன்ஜின் அணைந்தது. டிரைவர் தூங்கப் போனார். தங்கை நகத்தைக் கடித்துக்கொண்டு, அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம், ஏழு என்ற கரைசலை ஏழென்றும், நாலு என்று சீட்டு ஒட்டிய இன்னொன்றை நாலென்றும் மின்முனை ஒப்புக்கொண்டது. புதிதாகக் கலக்கிய மண், அரைமணித் தெளிவு, பிறகு முக்கல். 6.5. இரண்டு நிமிடம் பார்த்தார், எண் அசையவில்லை. இன்னும் இரண்டு முறை முக்கினார். அதே 6.5, தக்காளிக்கு ஏற்ற அளவு.

"சுண்ணாம்பு வேணாம்டி. நாளைக்கே நாத்தை நடு."

தங்கை அக்காவை இடுப்போடு கட்டித் தூக்கிவிட்டாள். வாசலில் அவள் புருஷன், எழுப்பிய டிரைவரையே கட்டிக்கொண்டார். லாரி வந்த வழியே போனது.

ஆறாவது முறையாகத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். அன்றைய மற்ற மண்பைகளின் முடிவுகள் எங்கே என்று அதட்டல். அதிகாரி ஒரு கையில் போனும் மறு கையில் உப்புக் கரைசல் புட்டியுமாக நிமிர்ந்து நின்றார்.

"பொறுங்க சார்," என்றார். "இன்னும் தெளியல."