ஜான் பீ ஓதிய பங்கு

கம்பைநல்லூர் ஜான் பீக்குக் கோபம் வந்தால் மொரப்பூரில் ரயில் நின்றுவிடும். இது கொஞ்சம் கூடுதல்தான். மொரப்பூரில் ரயில் எப்படியும் நிற்கும். ஆனால் 1969ஆம் வருஷம் அவளுக்கு வந்த கோபத்தை நேரில் பார்த்தவர்கள், ரயில் பின்னோக்கிப் போயிருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஊரிலிருந்த முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் குர்ஆன் ஓதிக்கொடுத்தவள் அவள்தான். அப்போதே இருபது வருஷமாக ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்தை எங்கே நீட்ட வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்பதில் பிசகே இருக்காது. பிசகிய பிள்ளையின் தொடையில் கிள்ளு விழும். அர்த்தம் என்ன என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. ஜான் பீயும் யாரையும் கேட்டதில்லை. ஓதினால் நன்மை, அவ்வளவுதான்.

அவள் புருஷன் மஸ்தான் வண்டிமாடுகளுக்கு லாடம் அடிப்பவர். இரும்பு வாங்கச் சேலம் போனவர், யாரோ சொன்னார்கள் என்று தமிழில் அர்த்தம் போட்ட குர்ஆன் ஒன்றையும் வாங்கி வந்தார். ஜான் பீ ஐந்தாவது வரை தமிழ் படித்தவள். நாள் ஒன்றுக்கு நாலு பக்கமாக வாசித்துக்கொண்டே போனவள், பெண்களைப் பற்றிய அத்தியாயத்தில் வந்து நின்றாள். பெற்றோர் விட்டுப்போனதில் பெண்ணுக்கும் பங்குண்டு. அது கொஞ்சமானாலும் நிறையவானாலும் அல்லாஹ் விதித்த பங்கு. மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று. மூன்று முறை வாசித்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழம்புச் சட்டி உடைகிற சத்தம் கேட்டு மஸ்தான் ஓடி வந்தார்.

"என்னா ஜான், கை தவறிருச்சா?"

"தவறல. போட்டுத்தான் ஒடச்சேன். எங்க அத்தா மவுத்தாகி, பொதச்சு நாப்பதாம் நாளு இந்த ஆயத்த நான்தானே ஓதுனேன்?"

"ஆமா, நல்லாத்தான் ஓதுன."

"ஓதி முடிச்ச ஈரம் காயறதுக்குள்ள எங்கண்ணனுங்க ஒரு நூல் பொடவையக் கைல குடுத்து, வூட்டுல எனக்குப் பங்கு வேணாம்னு கையெழுத்து வாங்கிக்கினாங்களே! நானும் சிரிச்சிக்கினே போட்டேனே!"

"வுடு. இருவது வருஷமாச்சு."

"பொடவ கிழிஞ்சே பதினெட்டு வருஷமாச்சு!"

அண்ணன்மார் மேல் வந்த கோபம் பாதிதான். மீதி தன்மேல். தனக்கு உரியது எது என்று சொல்லும் வசனத்தையே எத்தனை பெண்பிள்ளைகளுக்குக் கிளிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க ஆறவே இல்லை. அண்ணன் தம்பி கேட்டால் அந்தப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகும் என்று பயம்.

அந்த வாரமே பரிதாவின் முறை வந்தது. பரிதா ஜான் பீயிடம் ஓதியவள். புருஷன் லாரி ஓட்டப் போகிறேன் என்று பெங்களூர் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் காசிம் வீட்டுப் பின்கட்டில் கிடந்தாள். அவர்களைப் பெற்ற அத்தா அப்துல் ஷுக்கூர் விட்டுப்போனது பதினெட்டு புளியமரம் நிற்கிற ஒரு தோப்பு. ஆறு மரம் கைக்கு வந்தால் பரிதா யார் முகத்தையும் பார்க்காமல் அடுப்பு மூட்டலாம். வராவிட்டால் காலம் முழுக்க அண்ணி ஊற்றுகிற கஞ்சிதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தன் வீட்டில் வைத்து, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் பரிதா கையெழுத்து என்று காசிம் ஏற்பாடு செய்தான். அரூரிலிருந்து பத்திரம் எழுதுகிற ராஜப்பன் வந்திருந்தார். சாட்சிக்குப் பக்கத்து நிலத்துக்காரர் தீர்த்தகிரி. நல்ல காரியமாயிற்றே, ஓதாமல் ஆரம்பிக்கலாமா?

"உஸ்தாத்பீ, ரெண்டு ஆயத் ஓதுங்க. பரக்கத்தா இருக்கும்" என்றான் காசிம், ஓதிக்கொடுப்பவளுக்கு உரிய மரியாதையோடு.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஜான் பீ ஓதினாள். அன்று போல் அவள் என்றும் ஓதியதில்லை. காசிம் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் "ஆமீன்" என்றான், நெஞ்சைத் தொட்டு.

திரை விலகியது.

"ஆமீனா சொன்ன? எதுக்குச் சொன்னேன்னு தெரியுமாடா? மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒண்ணுன்னு ஓதுனேன். இது அல்லாஹ் போட்ட வரம்பு, தாண்டுனவனுக்கு நெருப்புன்னு ஓதுனேன். அதுக்குத்தான் ஆமீன் சொல்லியிருக்க!"

காசிமுக்கு முகம் கறுத்துவிட்டது. "அவளா மனசார வுட்டுக் குடுக்கறா. உங்களுக்கு என்னாங்க?"

"வுட்டுக் குடுக்கணும்னா மொதல்ல கைல இருக்கணும். ஆறு மரத்த அவ கைல குடு. ஒரு வருஷம் புளி உலுக்கட்டும். அப்பறமும் உனக்கே வேணும்னு தோணுச்சுன்னா வந்து கேளு. மனசார குடுக்கறாளா வெளக்குமாத்தால குடுக்கறாளான்னு அன்னிக்குத் தெரியும்."

"ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"ஊரு வழக்கத்துக்கா இப்ப பள்ளிவாசல்ல நெத்திய வெச்சிட்டு வந்த?"

தீர்த்தகிரி மெல்ல எழுந்து துண்டை உதறினார். "எங்க வூட்டுலயும் பொட்டப்புள்ளைக்கு நெலத்துல பங்கு கெடையாதுங்க, பொய் சொல்லல. ஆனா உங்க வேதத்துலயே எழுதியிருக்குதுன்னா அத அழிக்கறதுக்கு என்னோட கையெழுத்து எதுக்குங்க?" ராஜப்பனும் பேனாவை மூடிவிட்டார். பரிதா மட்டும் கையில் மை தொட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"கையத் தொடச்சிக்கிடு" என்றாள் ஜான் பீ. பரிதா முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஜான் பீயிடம் ஓத வந்த பிள்ளைகள் அர்த்தத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் வீட்டுக்குப் போகலாம். அந்த வசனம் வரும் நாளில் கதையும் வரும். வருஷத்துக்கு வருஷம் கதையில் காசிம் சிறுத்துக்கொண்டே போனான்.

"நான் போட்ட சத்தத்துல அன்னிக்கே ஆறு மரத்துலயும் சுண்ணாம்புல கோடு போட்டுப் பரிதாகிட்ட குடுத்துட்டான்" என்று ஒரு நாள் முடித்தாள்.

புளி கொண்டுவந்த பரிதா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மரந்தாங்க குடுத்தாரு. ஆறாவதுக்கு நான்தான் மறுநா கொடுவாளோட போயி மரத்தடியில உக்காந்தேன்."