பிரிட்ஜில் வைத்த பூவிதை

எங்கள் அத்தைக்கும் அம்மாவின் கொலம்பைன் செடிகளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. போடிமெட்டுப் பக்கம் ஏல எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் இருந்ததே கையகல மண். அதில் பீன்ஸ் போடாமல், பங்களாத் தோட்டக்காரரிடம் விதை வாங்கிவந்து அம்மா பூச்செடி வளர்த்தாள். முதல் வருஷம் வெறும் இலைதான். மறு வருஷம் நீலமும் வெள்ளையுமாகத் தலைகுனிந்து பூத்தது.

"தலையில வைக்கவும் ஆகாது, மாதாவுக்கு வைக்கவும் ஆகாது. பறிச்சதுமே துவண்டுபோவுது. இதுக்கா மயினி இம்புட்டுச் சீராட்டு?" என்பாள் அத்தை. அவள் அப்பாவின் தங்கை. புருஷனோடு ஒத்துவராமல் எங்களோடு வந்து இருந்தவள். அம்மா இலைக்கடியில் அசுவினிப் பூச்சியை விரலால் நசுக்கிக்கொண்டிருப்பாள். வேர் ஆழமாகப் போகிற செடி, பிடுங்கி நட்டால் பிழைக்காது என்று எங்களை அண்டவே விடமாட்டாள்.

காய் வெடிக்கும் முன் பறித்து, காயவைத்து, விதையைத் தட்டி எடுத்தாள். கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. கொஞ்ச நாள் குளிரில் கிடந்தால்தான் நன்றாக முளைக்குமாம். ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு பிரிட்ஜில் வைத்தாள். மழைக்காலத்தில் எதை வெளியே வைத்தாலும் பூசணம் பிடிக்கிற ஊர் எங்களுடையது. இளைப்புக்காக அப்பா காலையில் தேனில் குழைத்துத் தின்னும் கருஞ்சீரகமும் அதே மாதிரிப் பாட்டிலில் பக்கத்திலேயே இருந்தது.

ஒரு சாயங்காலம், செடிகளை எடுத்துவிட்டு அங்கே பைக்குக்கு ஷெட் போடப்போவதாக அப்பா சொன்னார். அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"செடியில கைய வச்சிப் பாருங்க, நீங்க உசுரோட இருக்க மாட்டீங்க!"

லயத்துச் சுவர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. கடைசி வீடுவரை கேட்டிருக்கும்.

மறுநாள் காலை கரண்ட் இல்லை. மூடுபனியில் வீடு இருட்டாகவே கிடந்தது. அடுப்புப் பக்கத்தில் நான் குளிர்காய்ந்துகொண்டிருந்தேன். அம்மா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, எப்போதும்போல ஒரு கரண்டி குழைத்து அப்பாவிடம் நீட்டினாள். "என்னடி, இன்னைக்கி ஒரு மாதிரியா கசக்கு?" என்று மென்றபடியே பாலில்லாக் கட்டஞ்சாயாவைக் குடித்து விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் வாந்தி. வேர்த்துக்கொட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிட்டார். அம்மா ஓடிப்போய் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஐயோ மாதாவே, விதைய மாத்திக் குடுத்துட்டேனே!"

எஸ்டேட் ஜீப் வந்தது. அப்பாவை ஏற்றும்போது பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை இன்னொருத்தியிடம், "நேத்தே சொன்னாளே, கேட்டியா?" என்றது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஜீப் ஊர்ந்தது. அப்பாவின் தலை அத்தை மடியில் கிடந்தது. அம்மா ஜெபமாலையை உருட்டினாள், ஆனால் வாய் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து மலையாளத்து டாக்டர் வெளியே வந்தார்.

"ஆளுக்கு இனி பயமில்ல. பட்சே இது விஷக் கேஸ், போலீஸ்ல அறியிக்கணும். இத ஆரு எடுத்துக் கொடுத்தது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் சார். கரண்டு இல்ல, இருட்டுல பாட்டிலு மாறிப்போச்சு. மயினி அப்ப எந்திரிக்கவே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்ல, அம்மா..." என்று தொடங்கினேன். அத்தை என் மணிக்கட்டை நெரித்தாள். "ஏட்டி, பேசாம இரி."

போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் அத்தை அதையேதான் சொன்னாள். கண்விழித்த அப்பாவும் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆமா, தங்கச்சிதான்" என்றார். அதோடு கேஸ் முடிந்தது. பெரியவர்கள் இப்படி ஆளாளுக்குப் பொய் சொல்வதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். அத்தை மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் படுத்திருந்தார். பூசையில் நற்கருணை வாங்க எல்லோரும் வரிசையில் போனார்கள். அத்தை மட்டும் எழவில்லை, முழங்காலிலேயே இருந்தாள். பொய் சொன்ன பாவத்தோடு நற்கருணை வாங்கக் கூடாது, நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு நான் வரிசையில் நடந்தேன். திரும்பிப் பார்த்தால், ஒரு பொய்யும் சொல்லாத அம்மாவும் போகாமல் அவள் பக்கத்திலேயே முழங்காலிட்டிருந்தாள். அம்மாவுக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.